புள்ளியக்கா எடுத்த திருவாதிரை

புள்ளியக்காவுக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது ஒரு விளக்குத் தகராறில். மொட்டை மாடியில் ஒற்றை அறை பார்த்துக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வந்து வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன். படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கழுத்தில் பட்டை கட்டிய ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கேமரா, கையில் அதை நிறுத்தும் ஸ்டாண்டு. கீழ்த் தளத்துக்காரர் என்று சொல்லிவிட்டு, விளக்கை அரை மணி நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டார்.

இருட்டில் எப்படித் துவைப்பது என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"அழுக்கு இருட்டுலயும் போகும் தம்பி" என்றார்.

அணைத்தேன். அணைக்கும் முன் அவர் என் கதவைப் பார்த்துவிட்டார். கதவில் என் பெயரும் அதன் பின்னால் பி.எஸ்சி. இயற்பியல் என்பதும் எழுதிய பலகை இருந்தது. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பாய் வாங்கும் முன்பே பலகை எழுதி வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமில்லை. அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நல்லதாப் போச்சு. திருவாதிரை எதுன்னு காட்டுங்க" என்றார்.

மூன்று வருடம் இயற்பியல் படித்த எனக்கு ஒளியின் வேகம் தெரியும். நட்சத்திரங்கள் எரிபொருள் தீர்ந்து எப்படி வீங்கும் என்று எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரியும். வானத்தில் கை நீட்டி இதுதான் என்று காட்டச் சொல்லி எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. ஆனால் பலகையை மாட்டிவிட்டுத் தெரியாது என்று சொல்ல முடியுமா? திருவாதிரை சிவப்பு என்பது நினைவிருந்தது. மேற்கே, வீடுகளுக்கு மேலே, சிவப்பாக ஒன்று அசையாமல் நின்றது. அதுதான் என்றேன்.

மூன்று நாள் அதைப் படம் எடுத்தார். நான்காம் நாள் அவர் வீட்டுக்காரர் சாவி கொடுக்க மாடிக்கு வந்தார். அவருக்கு ரொட்டிக் கடை அடுப்பில் இரவு வேலை. எட்டு மணிக்குக் கிளம்பிப் போனால் விடிந்துதான் வருவார். கேமரா பார்க்கும் திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது செல்போன் டவர் உச்சியில் எரியும் விளக்கு என்றும், போன மாதம் அது அணைந்து ஆள் ஏறி பல்பு மாற்றியதைத் தானே நின்று பார்த்ததாகவும் நிதானமாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு டவர் தம்பி ஆகிவிட்டேன். அக்கா சிரிக்கக்கூட இல்லை. சிரிக்கத் தெம்பில்லாதவர் போலப் படியில் உட்கார்ந்து, "மூணு நாள் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

நாள் போவது அவருக்கு ஏன் அத்தனை பெரிய விஷயம் என்று அன்றுதான் கேட்டேன்.

அக்கா அடையாள அட்டை அச்சடிக்கும் யூனிட் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் யூனிட் ஆட்கள் போய்ப் படம் எடுத்து வருவார்கள். அந்த முகங்களைத் திரையில் பெரிதாக்கி, தூசி, கீறல், வெள்ளைப் புள்ளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்குவது அக்காவின் வேலை. நாளொன்றுக்கு முந்நூறு முகம். பள்ளி திறக்கும் பருவத்தில் ஐந்நூறு. அந்த யூனிட்டில் ஒரு சட்டம் உண்டு: தூசி போகலாம், மச்சம் போகக்கூடாது. மச்சத்தை அழித்தால் அட்டை செல்லாது. எது தூசி, எது மச்சம் என்று ஒரு நொடியில் பிரித்துவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. புள்ளியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பத்தொன்பது வருடத்தில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கண்ணில் எப்போதும் தண்ணீர். திரையை விட்டு விலகாவிட்டால் கையும் மரத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விலகி எங்கே போவது? யூனிட்டில் திரை பார்க்காத நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மேற்பார்வையாளருடையது. அதில் இருப்பவர் அந்த ஜூலையில் ஓய்வு பெறப் போகிறார். புது முதலாளி அதற்குப் பட்டம் வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டார்.

அக்கா ஆறு வருடத்துக்கு முன்பே தபால் வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். எல்லாத் தாளும் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது, பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு செய்முறைத் தாள். ஆறு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து, மொத்தத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆறாவது வருடம் இது. மற்றச் செய்முறைகளுக்குப் பகலில் ஆய்வகம் போக வேண்டும், அதற்கு விடுப்புக் கிடைக்காது. வானவியலுக்கு இருட்டு போதும் என்று அதை எடுத்திருக்கிறார்.

செய்முறை சுலபமானதுதான். பலரும் அறிந்த ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, ஒரே இடத்திலிருந்து, ஒரே மணிக்கு, குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது மேற்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். மே இருபதுக்குள் அனுப்ப வேண்டும். திருவாதிரையோ கோடை வர வர மாலையில் மேற்கே சரிந்துகொண்டே போகும். மே நடுவில் வீடுகளுக்குப் பின்னால் போய்விடும். அதன் பிறகு சில மாதங்களுக்கு மாலை வானத்தில் அதற்கு இடமில்லை.

டவர் விவகாரத்துக்குப் பிறகு நான் நட்சத்திரப் புத்தகம் ஒன்றை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தேன். மேற்கே பார்த்து நின்றால் மூன்று நட்சத்திரம் வரிசையாக, நெருக்கமாக இருக்கும். அந்த வரிசைக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, தணல் ஆறிக்கொண்டிருப்பது போல ஒன்று. இந்த முறை நான் கை நீட்டவில்லை. புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மத்ததெல்லாம் வெள்ளை. இது ஒண்ணுதான் வேற" என்றார். திரையில் தூசியையும் மச்சத்தையும் பிரிக்கும் அதே வேகம்.

கேமரா யூனிட்டுடையது. காலை ஒன்பதுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மேலாளர் கொடுத்தார். மாடியில் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டோம். மாலை ஏழரை மணி. ஏப்ரல் இரண்டு, முதல் படம். கீழ் ஓரத்தில் எதிர்வீட்டு மாடிச் சுவர், அதற்கு மேல் கருநீல வானம், மேலே திருவாதிரை. ஏப்ரல் பதினேழு, இரண்டாவது படம். நீட்டிய கையின் முஷ்டிக் கணக்கில் ஒன்றரை முஷ்டி கீழே வந்திருந்தது. அக்கா ஸ்கேல் வைத்து மூன்று தடவை அளந்தார். சரியாக வருகிறது என்று தெரிந்தபோது முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை, சுமையில் ஒரு பங்கை இறக்கி வைத்தவர் போலத்தான் இருந்தார். கீழே போனவர் தன் வீட்டுக் கதவுக்கு இரண்டு படி மேலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, "பட்டதாரி அம்மா, உள்ள கட்டில் இருக்கு" என்று எழுப்பி அனுப்பினார்.

மே இரண்டு. பள்ளி வேலை உச்சத்தில் இருந்தது. அன்று ஐந்நூற்று நாற்பது முகம் முடித்துவிட்டு ஏழு இருபதுக்கு ஓடி வந்தார். ஸ்டாண்டை நான் ஏற்கெனவே வட்டத்தில் நிறுத்தியிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். மூன்றாவது படம். எதிர்வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் திருவாதிரை பளிச்சென்று இருந்தது. முடிந்தது என்றார். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு என் அறைக்கு வந்தார். அளவெடுத்து அறிக்கை எழுத வேண்டும். முதல் படத்தைத் திறந்தோம். இரண்டாவது படத்தைத் திறந்தோம். மூன்றாவதைத் திறந்தபோது வெறும் கருநீலம். ஒரு புள்ளி இல்லை. நான் வேறு கோப்பு போல என்று தேடப்போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். மூலைக்கு மூலை பார்த்தார்.

"என் கைதான்" என்றார் கடைசியில். "இவ்வளவு சுத்தமா வேற யாரும் பண்ண மாட்டாங்க."

நடந்தது இதுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் படம் எடுக்கும் முன் பின்னால் தொங்கும் கருநீலத் துணியை மட்டும் ஆளில்லாமல் ஒரு படம் எடுப்பார்கள். அந்த வெறுந்துணிப் படத்தில் தூசி, நூல், மடிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கி வைத்துக்கொண்டு, எல்லா முகத்துக்கும் அதையே பின்னணியாகப் போடுவார்கள். தினமும் காலையில் எல்லாக் கேமராவின் படங்களும் அன்றைய கோப்பில் இறங்கும், பிறகு கேமராவைக் காலி செய்துவிடுவார்கள். சுத்தம் செய்த படம் பழையதன் மேலேயே பதிவாகும், இடம் பற்றாது என்பதால். முதல் இரண்டு முறையும் அக்கா காலையில் முதல் வேலையாகத் தன் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டார். மூன்றாம் முறை பேருந்து தாமதம். போய்ச் சேர்ந்ததுமே வேறொருவர் கேமராவை அவர் கையிலிருந்து வாங்கி மற்றவற்றோடு இறக்கிவிட்டார். இருநூற்றுச் சொச்சம் முகத்துக்கு நடுவில் திருவாதிரை வந்தது. கருநீலம், மேலே வெள்ளைப் புள்ளிகள். வெறுந்துணி என்று நினைத்துக் கை துடைத்துவிட்டது. வரிசையில் நின்ற மூன்றையும் துடைத்துவிட்டது. கீழ் ஓரத்து மாடிச் சுவரைத் துணியின் மடிப்பென்று நினைத்து அதையும் நீவி நேராக்கியிருந்தார். அப்போது நட்சத்திர நினைப்பே இல்லை என்றார். அடுத்த படம், அடுத்த படம், அவ்வளவுதான். மதியம் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்காமலே பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

இன்னும் நாள் இருக்கிறது, மறுபடி எடுக்கலாம் என்றேன். எட்டாம் தேதியிலிருந்து மேகம். நான்கு நாள் ஏழரை மணிக்கு மாடியில் நின்று மேகத்தைப் பார்த்தோம். பன்னிரண்டாம் தேதி வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஏழரை மணிக்குத் திருவாதிரை எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் தெரியும் என்றேன். ஏறிப் பார்த்தேன், தெரிந்தது. ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதே என்றார் அக்கா. கீழே வட்டத்தைப் பார்த்தார். மேலே ஏறவில்லை.

அன்றிரவு நான் சொன்ன யோசனையை இங்கே எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சுத்தமான படம் கையில் இருக்கிறது, எங்கே இருந்திருக்கும் என்று கணக்கும் இருக்கிறது. ஒரு புள்ளி வைக்க அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அதைத்தான் சொன்னேன். ஊரில் முதல் பட்டதாரி, ஒரு தடவைகூடக் காப்பி அடிக்காமல் தேறியவன் சொன்ன யோசனை.

அக்கா கோபப்படவில்லை.

"நேத்தே வெச்சுப் பாத்தேன் தம்பி. நல்லாத்தான் இருந்தது. நிஜத்தைவிட நல்லா இருந்தது" என்றார். "அழிச்சுட்டேன்."

ஏன் என்று கேட்டேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயமா?

"மாட்ட மாட்டேன். அதான்" என்றார். பிறகு கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேச்சை மாற்றி, அறிக்கையை யார் தட்டச்சு செய்வது என்று கேட்டார்.

நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் சொல்லச் சொல்ல. முதல் படம், இரண்டாவது படம், அளவுகள். மூன்றாவது படம் என்று வெறும் கருநீலத்தையே ஒட்டினோம். அதன் கீழே: இந்தப் படத்தில் இருந்த நட்சத்திரங்களை என் பணியிடத்தில் தூசி என்று கருதி நானே நீக்கிவிட்டேன். எட்டு முதல் பதினொன்று வரை மேகம். பன்னிரண்டாம் தேதி எதிர்வீடு மறைத்தது. அதோடு ஒரு நோட்டுத் தாளும் வைத்தார். ஏப்ரலிலிருந்து வானம் தெரிந்த ஒவ்வொரு நாளும் ஏழரை மணிக்குச் சுவருக்கு மேல் எத்தனை முஷ்டி என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். எனக்கே அது தெரியாது. மே இரண்டுக்கும் ஒரு வரி இருந்தது: ஒரு முஷ்டி, விரல் குறைய.

செய்முறைத் தாளின் நேர்முகத் தேர்வுக்கு ஜூன் மாதம் கூப்பிட்டார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வரிசையில் அறுபது பேர். எங்கள் முறை வரும்போது மணி மூன்றரை. தேர்வாளர் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியவர் மூன்றாவது படத்தில் நின்றார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"இருந்தது சார்."

கீழே எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். இதை எதற்கு ஒட்டினீர்கள், இரண்டோடு விட்டிருக்கலாமே என்றார். மூன்று கேட்டிருந்தீர்கள் சார் என்றார் அக்கா. எங்கே இருந்தது என்று காட்ட முடியுமா என்றார் அவர். அக்கா பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டார். தேர்வாளர் ஸ்கேலை எடுத்து முதல் இரண்டு படங்களில் அளந்தார், கணக்குப் போட்டார், மூன்றாவதில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு அரிசி இடைவெளி. நோட்டுத் தாளை எடுத்து மே இரண்டைத் தேடினார். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தில் தன் மூக்கு ஏன் எப்போதும் பெரிதாக விழுகிறது? கேமராவை மிக அருகில் வைத்து எடுக்கிறார்கள் சார், இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றார் அக்கா. போகலாம் என்றுவிட்டார்.

திரும்பி வரும் பேருந்தில் அக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கினார். எங்கள் நிறுத்தத்தில் எழுப்பியபோது, "தேறுமா தம்பி?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியவில்லை அக்கா என்றேன். அந்த முறை எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

ஜூலை முதல் வாரம் முடிவு வந்தது. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். நாற்பத்து மூன்று போட்டிருந்தார்கள். கீழே சிவப்பு மையில் மூன்றாவது படம் ஏற்கப்படவில்லை, அளவீட்டுக் குறிப்புகளுக்கு மதிப்பெண் அளிக்கப்பட்டது என்று ஒரு வரி. வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று மார்க்கு மிச்சம் வேறயா, அதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்றார். அன்று அவர் வேலைக்கு அரை மணி தாமதமாகத்தான் போனார்.

சான்றிதழைக் காட்டியதும் நாற்காலி உடனே கிடைத்துவிடவில்லை. முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நாளெல்லாம் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை என்று போனார். அதன் பிறகே அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது அவர் அந்த யூனிட்டில் மேற்பார்வையாளர். பதினோரு பேர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். கழுத்துப் பட்டையை வீட்டில் மட்டும் கட்டிக்கொள்கிறார், கண்ணில் தண்ணீர் வருவது பாதியாகக் குறைந்திருக்கிறது. பருவ காலத்தில் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புகிறார். இந்த வருடம் மாடிக்கு அவர் வரவில்லை.